முழங்கால் வலியோடு டான்யூப் நதியில் ஒரு வாரம் போகலாமா?

கேள்வி: எனக்கு 66 வயது, அவருக்கு 72. மகள் ஜெர்மனியில், நியூரம்பர்க்கில் வேலை பார்க்கிறாள். மே மாதம் நாங்கள் அங்கே போகும்போது எங்கள் இருவரையும் டான்யூப் நதியில் ஒரு வாரக் கப்பல் பயணத்துக்கு அனுப்ப ஆசைப்படுகிறாள். அவளுக்கு லீவு இல்லை, நாங்கள் மட்டும்தான் போக வேண்டும். இரண்டு பயணம் பார்த்து வைத்திருக்கிறாள். ஒன்று நியூரம்பர்க்கில் ஏறி புடாபெஸ்டில் இறங்குவது. இன்னொன்று பாஸாவில் ஏறி, புடாபெஸ்ட் வரை போய், பாஸாவுக்கே திரும்பி வருவது. அவருக்குச் சர்க்கரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. இருவரும் சைவம். "இந்த வயசுல தண்ணி மேல போய் என்ன ஆகணும்" என்கிறார். எனக்கோ ரொம்ப ஆசை. என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரி, போய் வாருங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே சில எச்சரிக்கைகள் எழுதப்போகிறேன், அதைப் படித்துவிட்டு "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் புத்தகத்தை மூடிவிடக் கூடாது.

அவருடைய தண்ணீர் பயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கடல் கப்பலை நினைத்துக்கொண்டு பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். ஆற்றுக் கப்பலில் இரண்டு பக்கமும் கரை தெரிந்துகொண்டே வரும், மரமும் வீடும் சைக்கிளில் போகிறவர்களும் கண்ணுக்கு எதிரிலேயே இருப்பார்கள், அலை கிடையாது, தலைசுற்றலோ குமட்டலோ பொதுவாக வராது. கப்பலின் நீளம் 110 முதல் 135 மீட்டர் வரை இருக்கும், அகலமோ 11 மீட்டர் சொச்சம்தான். ஆயிரக்கணக்கான பேர் ஏறும் கடல் கப்பல் மாதிரி இல்லை, நூற்றைம்பது பேர் அளவில்தான் பயணிகள் இருப்பார்கள், மூன்றாம் நாளே முகமெல்லாம் பழகிவிடும்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பாஸாவுக்கும் புடாபெஸ்டுக்கும் நடுவே 11 அணைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் கப்பல் ஒரு பெரிய கான்கிரீட் தொட்டிக்குள் நுழைந்து நிற்கும், கதவை மூடித் தண்ணீரை வடித்துக் கப்பலைக் கீழ்மட்டத்துக்கு இறக்கி வெளியே விடுவார்கள். இதில் பாதி நடுராத்திரியில் நடக்கும். லேசாக ஒரு இடி, உரசும் சத்தம், எழுந்து திரையை விலக்கினால் கைக்கெட்டும் தூரத்தில் ஈரம் சொட்டும் பாசி பிடித்த சுவர் மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருக்கும். தெரியாதவர்கள் பதறித்தான் போவார்கள். தெரிந்தவர் என்றால், அதுவும் இயந்திரம் கட்டுமானம் என்று கொஞ்சம் ஆர்வம் உள்ளவர் என்றால், பகலில் வரும் ஒன்றிரண்டை டெக்கில் நின்று ரசித்துப் பார்ப்பார்.

சரி, இரண்டில் எது? பாஸாவ்தான், யோசிக்கவே வேண்டாம். நியூரம்பர்க் பயணம் வீட்டு வாசலிலேயே ஏறுவது போல வசதியாகத் தோன்றும். ஆனால் அந்தக் கப்பல் முதலில் மைன்-டான்யூப் கால்வாய் வழியாகப் போக வேண்டும். 171 கிலோமீட்டர் நீளம், 1992ல் முடிந்த கால்வாய், பொறியியலில் அது ஒரு சாதனை என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே பாலங்கள் தாழ்வானவை, அதனால் மேல்தளத்தை மூடிவிடுவார்கள், உட்கார்ந்து பார்க்க வந்தவர்களுக்கு அது நஷ்டம். அதை விடப் பெரிய காரணம், கால்வாயைத் தாண்டி டான்யூபில் இறங்கிய பிறகு ஷ்ட்ராவ்பிங் முதல் வில்ஸ்ஹோஃபன் வரை சுமார் 70 கிலோமீட்டருக்கு அணை எதுவும் இல்லை. மழை குறைந்த வருடத்தில் அந்த இடத்தில்தான் தண்ணீர் போதாமல் கப்பல்கள் நின்றுபோகும், பயணிகளைப் பெட்டியோடு பஸ்ஸில் ஏற்றி வேறு கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். பாஸாவ் அந்தப் பகுதிக்குக் கீழே இருக்கிறது. நியூரம்பர்க்கிலிருந்து அங்கே நேரடி ரயிலில் இரண்டு மணி நேரம்தான், மகள் ஒரு சனிக்கிழமை வந்து ஏற்றிவிட்டுப் போகலாம். திரும்பியும் அங்கேயே வருவதால் புடாபெஸ்டிலிருந்து நீங்கள் இருவரும் தனியாக ஊர் மாறி வரும் அலைச்சல் இல்லை.

வெள்ளம் வந்தால் எந்தக் கப்பலும் நிற்கும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பாஸாவில் டான்யூப், இன், இல்ஸ் என்ற மூன்று ஆறுகள் கூடுகின்றன. 2013 ஜூனில் அங்கே தண்ணீர் 12.89 மீட்டர் வரை ஏறியது, பழைய நகராட்சிக் கட்டடத்துச் சுவரில் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், போகும்போது பாருங்கள். பயணம் ரத்தானாலோ பாதியில் பஸ் பயணமாக மாறினாலோ என்ன தருவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் மகளைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாஸாவில் கிளம்பும் கப்பல்களில் பல ஜெர்மானியப் பயணிகளுக்காகவே ஓடுபவை. அறிவிப்பும் வழிகாட்டியும் ஆங்கிலத்திலும் உண்டா என்று அவள் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனென்றால் அவள் உங்களோடு வரப்போவதில்லை.

இப்போது முழங்காலுக்கு வருகிறேன். கப்பல் அவருக்கு நன்றாகவே பொருந்தும். பஸ் டூர் போல விடிகாலையில் பெட்டியை அறை வாசலில் எடுத்து வைத்து, தினம் ஒரு ஹோட்டல் மாறி, நாள் முழுக்க சீட்டில் மடக்கி உட்காரும் கஷ்டம் இல்லை. பெட்டியை ஒரு தடவை பிரித்து அலமாரியில் அடுக்கினால் ஒரு வாரத்துக்குத் தொட வேண்டாம். யோசிக்க வேண்டியது கரையில் நடக்கும் நடையைத்தான். இந்தப் பழைய ஊர்களில் தெருவெல்லாம் உருண்டைக் கல் பதித்தது, மழை பெய்தால் வழுக்கும், வழிகாட்டியோடு போகிற சுற்று இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், நடுவில் உட்கார இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

இங்கேதான் உங்களிடம் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். நம் வீடுகளில் அவரால் நடக்க முடியவில்லை என்றால் நாமும் கூடவே உட்கார்ந்துவிடுவோம், கேட்டால் "பரவாயில்லை, எனக்கும் களைப்பாத்தான் இருக்கு" என்போம். இந்தப் பயணத்தில் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆற்றுக் கப்பலில் எனக்குப் பிடித்ததே இந்த வசதிதான், ஒருவர் கப்பலிலேயே காபி குடித்துக்கொண்டு கரையைப் பார்த்தபடி இருக்கலாம், இன்னொருவர் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். நீங்கள் போவது குழுவோடு, காதில் மாட்டிக்கொள்ளும் கருவியில் வழிகாட்டியின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். இறங்கும்போது கப்பல் அட்டையைக் காட்டிவிட்டுப் போவதால் யார் இன்னும் வரவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். பல கப்பல்களில் மெதுவாக நடப்பவர்களுக்கென்று தனிக் குழு உண்டு, அவருக்கு மனம் வந்தால் அதில் சேர்ந்துகொள்ளட்டும்.

ஊர் ஊராகச் சொல்கிறேன். மெல்க் மடம் குன்றின் மேல் இருக்கிறது, துறையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவிடுவார்கள், உள்ளே சுற்றிவரப் படிகள் உண்டு, அவர் தோட்டத்தில் உட்காரலாம். மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை சுமார் 35 கிலோமீட்டர் தூரம் வாக்காவ் பள்ளத்தாக்கு, 2000ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, மலைச்சரிவில் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், ஆற்றோரம் ஆப்ரிகாட் மரங்கள், நடுவே ட்யூர்ன்ஸ்டைன் ஊரின் நீலக் கோபுரம். முழுப் பயணத்திலும் அழகான இரண்டு மணி நேரம் அதுதான், இருவரும் டெக்கில் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஒருமுறையாவது அதைப் பகலில் கடக்கிறதா என்று பயண அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள், ராத்திரியில் கடந்தால் காசு வீண். ட்யூர்ன்ஸ்டைனின் இடிந்த கோட்டைக்கு (இங்கிலாந்து அரசர் ரிச்சர்டை 1192 குளிர்காலத்தில் அடைத்து வைத்த இடம்) அவர் ஏற வேண்டாம், செங்குத்துப் பாதை. உங்களுக்குத் தெம்பிருந்தால் நீங்கள் ஏறுங்கள்.

வியன்னாவில் கப்பல்கள் பெரும்பாலும் ரைஷ்ஸ்ப்ரூக்கே பாலத்தருகே நிற்கும். அங்கே பக்கத்திலேயே ஃபோர்கார்டன்ஷ்ட்ராஸே மெட்ரோ நிலையம், யூ1 வண்டியில் நாலாவது நிறுத்தம் ஸ்டெஃபான்ஸ்ப்ளாட்ஸ், மேலே வந்தால் எதிரிலேயே பெரிய தேவாலயம். குழுவோடு ஓடாமல் இருவரும் உங்கள் வேகத்தில் போய்வர இதை விட நல்ல ஊர் இல்லை. பிராட்டிஸ்லாவாவில் பழைய ஊர் துறைக்குப் பக்கம், ஓரளவு சமதரை, கோட்டை மட்டும் மேட்டில். புடாபெஸ்டில் ராத்திரி விளக்கு போட்ட பாராளுமன்றக் கட்டடத்தைக் கப்பலிலிருந்து பார்ப்பதற்கு ஒரு படிகூட ஏற வேண்டாம், பகலில் புடா மலைக் கோட்டைக்கு 16ம் நம்பர் பஸ் போகும்.

கேபின் விஷயம். பல கப்பல்களில் லிஃப்ட் இருக்கும், ஆனால் அடித்தளத்துக்கும் போகாது, உச்சியில் உள்ள திறந்த தளத்துக்கும் போகாது. அடித்தளத்து கேபின் விலை குறைவு, ஜன்னல் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, திறக்க வராது. அவருக்கு அது வேண்டாம், பணம் கொஞ்சம் கூடினாலும் நடுத்தளம் எடுங்கள். பால்கனிக்காகத் தனியாகக் காசைக் கொட்ட வேண்டியதில்லை, துறையில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்துவார்கள், காலையில் திரையைத் திறந்தால் அடுத்த கப்பல்காரர் படுக்கை தெரியும். அப்படி நிற்கும்போது பக்கத்துக் கப்பலுக்குள் நுழைந்துதான் கரைக்குப் போக வேண்டும், சில சமயம் மேல்தளத்துக்கு ஏறி இறங்கவும் நேரும். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு சின்ன மக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே காகிதம் மட்டும்தான்.

சாப்பாடு பட்டினி போடாது, ஆனால் சைவம் என்பதை பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள், முட்டை, மீன், இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்த சூப் எதுவும் கூடாது என்று விவரமாக. இரவுச் சாப்பாடு ஏழு மணி போல ஆரம்பித்து ஒவ்வொரு பதார்த்தமாக இரண்டு மணி நேரம் இழுக்கும். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு ரொட்டிக்காகக் காத்திருக்கக் கூடாது, மேஜையில் தட்டு வந்த பிறகு போட்டால் போதுமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மே மாதத்தில் அங்கே நம்மை விட மூன்றரை மணி நேரம் பின்னால், மருந்து நேரத்தையும் டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். பருப்புப்பொடி, ஊறுகாய், தட்டை எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா, மைசூர்பாகு எல்லாம் வேண்டாம், பால் பொருட்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான். மகளுக்கு ஆசையாகக் கொண்டுபோய் விமான நிலையத்தில் குப்பைத் தொட்டியில் போடுவதைப் பார்க்க மனசு தாங்காது.

ஆற்றுக் கப்பலில் பொதுவாக டாக்டர் இருக்க மாட்டார். ஊர்கள் பக்கத்திலேயே இருப்பதால் தேவைப்பட்டால் ஆம்புலன்ஸைக் கரைக்கு வரவழைப்பார்கள். அதனால் இன்ஷூரன்ஸில் சிக்கனம் வேண்டவே வேண்டாம். விசாவுக்குக் குறைந்தபட்சம் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள், அந்த அளவில் மலிவாக ஒன்று எடுத்துவிட்டுப் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் அதனால் வரும் சிக்கலுக்கும் பணம் தருமா என்பதுதான் கேள்வி, அவருடைய வயதையும் நோயையும் ஒளிக்காமல் எழுதி வாங்குங்கள். மருந்துகளை அட்டையோடு, மருந்தின் பெயர் எழுதிய டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் போடாதீர்கள்.

ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி நான்கும் ஷெங்கன் நாடுகள், ஒரே விசா போதும். அதிக நாள் மகள் வீட்டில் இருக்கப்போவதால் ஜெர்மனிக்கு விண்ணப்பியுங்கள், சென்னையில் கைரேகை கொடுக்க இருவரும் நேரில் போக வேண்டியிருக்கும், கட்டணம் ஒருவருக்கு 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், மே மாதம் என்றால் ஜனவரியிலேயே தேதி வாங்கிவிடுங்கள். மகள் தரும் உத்தரவாதக் கடிதத்தை அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில்தான் எழுதி வாங்க வேண்டும், அதற்கு அங்கே முன்பதிவு கிடைக்கவே நாளாகும், ஆகவே அவளை இந்த வாரமே தொடங்கச் சொல்லுங்கள்.