முண்டும் முடிச்சும்: துண்டு விறகுக் கேள்விகளுக்குப் பதில்

பரமக்குடிப் பக்கம் விறகுக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் அப்பாவோடு சீமைக்கருவேலக் கரிமூட்டத்தில், அதாவது விறகை மண் பூசி மூடிக் கரியாக்கும் இடத்தில் வேலை. சாண் நீளம்கூட இல்லாத துண்டு, கவட்டை, தூர்க்கட்டை, முடிச்சு விழுந்த முண்டு இவற்றை எப்படி வைப்பது என்று பலர் கேட்டிருந்தார்கள். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணே, வேலியோரக் கருவையை வெட்டினோம். நீள விறகு விற்றுப்போச்சு. மிச்சம் முக்கால் அடித் துண்டுகளாக ஒரு டிராக்டர் லோடு கிடக்கிறது. அடுக்க அடுக்கச் சரிகிறது. என்ன செய்ய?

சரியத்தான் செய்யும் தம்பி. அடுக்கின் உயரம் அதன் அகலத்தைப்போல மூன்று மடங்கு வரை போகலாம், அதைத் தாண்டினால் ஆட ஆரம்பிக்கும். முக்கால் அடித் துண்டு என்றால் இரண்டே கால் அடியோடு சரி. ஒரு லோடை அந்த உயரத்தில் அடுக்கினால் தெருக்கோடி வரை போகும்.

அதனால் துண்டு விறகை அடுக்க வேண்டாம், கொட்டி வையுங்கள். ஆனால் கூண்டுக்குள் கொட்ட வேண்டும். பெரம்பலூர், திண்டுக்கல் பக்கம் சின்ன வெங்காயப் பட்டறை பார்த்திருப்பீர்கள். தரையை விட்டுத் தூக்கிய அடித்தளம், காற்று புகுந்து வெளியேறும் பக்கச் சுவர், மேலே கூரை. வெங்காயத்துக்கும் துண்டு விறகுக்கும் தேவை ஒன்றுதான். இரண்டையும் வரிசையாக அடுக்க முடியாது, ஆனால் காற்றுப்பட வைக்க முடியும்.

4 அடி உயரக் கம்பிவலையில் 13 அடி வெட்டி வட்டமாக வளைத்து முனைகளைக் கட்டுங்கள். சுமார் 4 அடி அகலக் கூண்டு கிடைக்கும். அடியில் ஹாலோ பிளாக்கோ பழைய கல்தூணோ போட்டு, அதன் மேல் குறுக்கே நாலைந்து கம்பு. தரைக்கும் விறகுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும். காய்ந்த கருவை என்றால் இந்தக் கூண்டு 400 கிலோவை ஒட்டிப் பிடிக்கும். உங்கள் லோடுக்கு இப்படிப் பல கூண்டு வேண்டியிருக்கும். ஒன்றுக்கொன்று இரண்டடி தள்ளி வையுங்கள், நடுவில் ஆள் போய் வர வேண்டும்.

கேள்வி: கொட்டினால் இடம் வீணாகுமே? துண்டுகளை இண்டு இடுக்கில் செருகி நெருக்கமாக அடுக்கினால் என்ன?

நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், மூட்டத்தில் பழகிய கை அது. கரிமூட்டத்தில் பெரிய கட்டைகளை அடுக்கிவிட்டு, நடுவில் விழும் சந்தில் எல்லாம் துண்டும் சுள்ளியும் திணிப்போம். மேலே வைக்கோல், அதன் மேல் மண் பூச்சு. எங்காவது ஒரு ஓட்டை வழியாகக் காற்று புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். சந்து விட்டால் அப்பாவிடம் அடி விழும்.

கடை போட்டதும் பச்சை விறகை அதே நெருக்கத்தில் அடுக்கினேன். பார்க்கக் கோயில் மதில் மாதிரி இருந்தது. இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் உள்ளே பூஞ்சை பூத்துக் கிடக்கிறது, வெளிவரிசை மட்டும் காய்ந்திருக்கிறது. மூட்டத்துக்குக் காற்று ஆகாது, விறகுக்குக் காற்று இல்லாமல் ஆகாது. இது உறைக்க எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது.

இடக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். அடுக்கினால் 1 கன மீட்டரில் அடங்கும் விறகு, கொட்டினால் ஏறக்குறைய ஒன்றரை கன மீட்டர் பிடிக்கும். அந்த அரை கன மீட்டர்தான் காற்றுக்கான இடம். அதை வீண் என்று நினைக்காதீர்கள். நல்லா காய்ந்த பிறகு வேண்டுமானால் நெருக்கி வையுங்கள், தப்பில்லை.

கேள்வி: துண்டு விறகு சீக்கிரம் காயும் என்கிறார்களே, உண்மையா? காய்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?

உண்மை. மரத்துக்குள் தண்ணீர் ஓடும் குழல்கள் நீளவாக்கில் இருக்கின்றன. வெட்டிய இரண்டு முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். பட்டை உள்ள பக்கம் கிட்டத்தட்ட மூடிய கதவு. துண்டு குட்டையாக இருந்தால் நடுவில் உள்ள ஈரம் முனைக்கு வர வேண்டிய தூரம் குறைவு. எங்கள் பக்கத்து பங்குனி, சித்திரை வெயிலில், பிளந்த முக்கால் அடித் துண்டு இரண்டு மாதத்தில் அடுப்புக்கு ஆகிவிடுகிறது. முழு உருட்டுக் கட்டைக்கு அது போதவே போதாது.

சோதிக்க: நாலு துண்டில் சாக்பீஸால் அடையாளம் போட்டு எடை எழுதி வையுங்கள். பச்சை மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீர்தான். வாரம் ஒரு தடவை நிறுத்தால் எடை இறங்கிக்கொண்டே வரும். இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கவில்லை என்றால் காய்ந்துவிட்டது. இரண்டு துண்டைத் தட்டினால் ‘டங்’ என்று கேட்கும் என்பார்கள். அதுவும் சரிதான், ஆனால் காது பழக வேண்டும்.

கேள்வி: தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருக்கிறேன். இருந்தும் விறகு நமுத்துப்போகிறது, ஐயா.

நாலு பக்கமும் கட்டியதுதான் காரணம். பகல் வெயிலில் விறகிலிருந்து கிளம்பும் ஆவி, ராத்திரி தார்ப்பாயின் உள்பக்கம் வியர்த்துத் திரும்ப விறகிலேயே சொட்டும். தலையை மட்டும் மூடுங்கள், பக்கத்தைத் திறந்து விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாரல் அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் ஒரு கீற்றுத் தட்டி போதும். மழை விட்டதும் அதை எடுத்துவிட மறக்காதீர்கள்.

கேள்வி: தூர்க்கட்டை, கவட்டை எல்லாம் கோடாலிக்கு மசியவில்லை. எப்படிப் பிளப்பது?

எல்லாவற்றையும் பிளக்க வேண்டும் என்று யார் சொன்னது? கவட்டையில் நார் பின்னிக் கிடக்கும். நடுவில் அடித்தால் கோடாலி மாட்டிக்கொள்ளும். ஓரத்திலிருந்து பத்தை பத்தையாகச் செதுக்கி எடுங்கள், வந்த வரை லாபம். தூரில் வெயில் பட்டு வெடிப்பு விழுந்திருக்கும். அந்த வெடிப்பில் இரும்பு ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடிக்கலாம். மண்ணை மட்டும் முதலில் தட்டிவிடுங்கள், ஒட்டிய சிறு கல்லில் பட்டுக் கோடாலி வாய் போய்விடும்.

அதற்கும் மசியாததை அப்படியே வெந்நீர் அடுப்புக்கு ஒதுக்குங்கள். ஒரு முடிச்சுக் கட்டை மெதுவாக எரிந்து நின்று கனியும். எங்கள் வீட்டில் ஆத்தா அதைத்தான் கடைசியில் செருகுவாள், விடியும்போதும் சாம்பலுக்குள் கனல் இருக்கும். இவற்றை ஒன்றன்மேல் ஒன்று ஏற்ற வேண்டாம். கல் மேல் ஒரே வரிசையாகப் பரப்பி வைத்தால் போதும்.

கேள்வி: நீள விறகும் கோணலும் கலந்து கிடக்கிறது. ஒரே அடுக்காக வைக்க வழி உண்டா?

உண்டு. நேரான விறகில் நல்லதாகப் பொறுக்கி இரண்டு ஓரத்திலும் குறுக்கும் நெடுக்குமாகத் தூண்போல அடுக்குங்கள். நடுவில் மற்ற நீள விறகு. கோணல் எல்லாம் கடைசியில் அடுக்கின் உச்சியில். நடு வரிசையில் ஒரு கவட்டை புகுந்தாலும் அதற்கு மேல் வருவதெல்லாம் கோணிக்கொள்ளும். ஐரோப்பாவில் இன்னொரு முறை இருக்கிறது. நேரான விறகை வட்டச் சுவராக அடுக்கி, உள்ளே கோணலைக் கொட்டுவார்கள். நான் ஒரு தடவை செய்து பார்த்தேன், நன்றாகவே நின்றது. ஆனால் நடுவிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் சுவரைப் பிரிக்க வேண்டும், கடைக்கு ஒத்துவரவில்லை.

கேள்வி: கொட்டாங்குச்சி, தென்னை மட்டை, பாளை இதெல்லாம்?

மட்டையையும் பாளையையும் கட்டாகக் கட்டிச் சுவர் ஓரம் இல்லாமல் நிமிர்த்தி வையுங்கள். கொட்டாங்குச்சியைக் கூரைக்கு வெளியே குவிக்கவே கூடாது. ஒரு மழையில் ஒவ்வொன்றும் ஒரு கிண்ணத் தண்ணீர் பிடிக்கும், டெங்கு கொசு முட்டையிட அது போதும். வலைச் சாக்கில் போட்டுக் கூரையடியில் தொங்கவிடுங்கள்.

கேள்வி: குழந்தைகள் உள்ள வீடு. பாம்பு வருமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, அம்மா. துண்டு விறகுக் குவியலில் எலி குடியேறும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கட்டுவிரியன் ராத்திரி நடமாடுவது, சுருட்டைவிரியன் விறகின் நிறத்திலேயே சுருண்டு கிடப்பது. அடித்தளத்தைத் தூக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். குனிந்து பார்த்தால் மறுபக்கம் தெரிய வேண்டும். விறகை வீட்டு வாசலிலிருந்து தள்ளி வையுங்கள், குழந்தைகளை அதில் ஏறி விளையாட விடாதீர்கள். அன்றைக்கு வேண்டியதைப் பகலிலேயே எடுத்து வையுங்கள். முதலில் கம்பால் தட்டி, துண்டை உருட்டிப் பார்த்து, அப்புறம் கை வைக்க வேண்டும். அடியில் கைவிட்டு உருவவே கூடாது. என்னைத் தேள் மூன்று தடவை கொட்டியிருக்கிறது, மூன்றும் இருட்டில் அவசரப்பட்ட தடவைகள். பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கலாமா? சாரல் படாதே.

சாரல் படாது, கரையான் படும். விறகு வழியாக ஏறிச் சுவரில் மண் கோடு இழுத்து, நிலைக்கதவு வரை போய்விடும். குறைந்தது ஒரு முழம் தள்ளி வையுங்கள், மண் கோடு கண்டால் அன்றே கலையுங்கள். விறகிலிருந்து மாவு மாதிரி கொட்டினால் அது வேறு, வண்டு துளைப்பது. அந்தத் துண்டுகளை முதலில் எரித்துத் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: தோட்டத்து அரளியை வெட்டியதும் துண்டுகளோடு கிடக்கிறது. சேர்த்துவிடலாமா?

வேண்டாம். அரளிப் புகையும் விஷம்தான். காய்ந்த பிறகு எது அரளி, எது மற்றது என்று உங்களுக்கே அடையாளம் தெரியாது. குவியலில் சேருமுன் இன்றைக்கே பிரித்து எடுத்து, ஆடு மாடு வாய் வைக்காத இடத்தில் புதைத்துவிடுங்கள்.