பூங்குழலியா, லீனாவா? ரெயூனியனில் பெயர் பதியும் முன்

தம்பி, உங்கள் கேள்வி இது. காரைக்காலிலிருந்து, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் தலைநகர் சேன்-தெனிக்கு வந்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை. நீங்கள் இந்தியப் பாஸ்போர்ட், மனைவி புதுச்சேரிப் பிரெஞ்சுக் குடியுரிமை. அடுத்த மாதம் பெண் குழந்தை பிறக்கப்போகிறது. உங்கள் அம்மாவுக்குப் 'பூங்குழலி' என்று வைக்க ஆசை. பள்ளியில் பிள்ளையைக் கேலி செய்வார்கள் என்று பயந்து மனைவி 'லீனா' என்கிறார். இங்குள்ள மல்பார் குடும்பங்கள் (அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழர்களின் வழிவந்தவர்கள்) மாதிரி கோயிலுக்கு ஒரு பெயர், காகிதத்துக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பெயரையும் பிறப்புப் பதிவிலேயே ஏற்றுங்கள். பூங்குழலி முதலில், லீனா அடுத்து. ஆனால் பூங்குழலியை ஊரில் எழுதுகிற மாதிரி எழுதாதீர்கள். தங்கச்சி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குப் பெரும்பாலும் காரணம் பெயர் அல்ல, அதன் எழுத்துக்கூட்டு.

மல்பார் குடும்பங்களின் இரட்டைப் பெயர் விருப்பத்தால் வந்த வழக்கமல்ல. 1803-ஆம் ஆண்டுச் சட்டம் நாட்காட்டியில் உள்ள பெயர்களையும் பழைய வரலாற்றில் அறியப்பட்ட பெயர்களையும் மட்டுமே பிரேனோமாக, அதாவது பிள்ளைக்கு இடும் பெயராக, ஏற்றது. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் தமிழ்ப் பெயர் குடும்பப் பெயராக உறைந்துபோனது: ராமசாமி, வீரசாமி, முத்துசாமி. பிள்ளைகளுக்கு மெரியில் (நகராட்சி அலுவலகத்தில்) மாரி, ழான் என்று பதிந்துவிட்டு, வீட்டிலும் கோயிலிலும் வேறு பெயர் சொல்லி அழைத்தார்கள். 1993 ஜனவரி 8-ஆம் தேதிச் சட்டம் அந்தக் கட்டை அவிழ்த்தது. இப்போது பெற்றோர் விரும்பும் பெயரை வைக்கலாம். பிள்ளையின் நலனுக்குக் கேடு என்று பதிவு அதிகாரி நினைத்தால் மட்டும் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிப்பார், குடும்ப நீதிபதி முடிவு செய்வார். பூங்குழலிக்கு அந்தப் பயம் வேண்டாம். காகிதத்தில் இல்லாத பெயரைப் பள்ளியும் மருத்துவரும் வங்கியும் ஒருநாளும் சொல்லப்போவதில்லை. அது அர்ச்சனைத் தட்டோடு நின்றுவிடும். முன்னோர்கள் கட்டாயத்தால் மறைத்ததை, கட்டாயம் எதுவும் இல்லாத நாம் மறைக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

இனி எழுத்துக்கூட்டு. ஊரில் பூங்குழலியை பி, இரண்டு ஓ, என், ஜி, யூ, இசட், எச், ஏ, எல், ஐ என்று எழுதுவோம். அது ஆங்கிலம் படித்த கண்ணுக்கான எழுத்து. பிரெஞ்சுக் கண்ணுக்கு அதில் மூன்று இடம் இடறும். இரண்டு ஓ-வுக்குப் பின் என் வந்தால் பலர் அதை 'ஓன்' என்று மூக்கில் சொல்வார்கள். தனி யூ பிரெஞ்சில் 'உ' ஆகாது. உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொன்னால் வரும் ஒலி அது. இசட்டுக்குப் பின் வரும் எச் ஊமை என்பதால் ழகரம் வெறும் இசட் ஒலியாகிவிடும். இதன் மேல் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் வேறு. கிரியோல் பேசுபவர்கள் பலரிடம் அந்தக் குவிந்த ஒலி நேராக 'இ' ஆகிவிடும். அரிசியை 'திரி' என்று சொல்வதைக் கடையில் கேட்டிருப்பீர்கள். ஆகவே உங்கள் அம்மா ஆசையாகச் சொன்ன பெயர் வகுப்பறையில் 'போங்கிஸலி' என்று வந்து நிற்கும். பிள்ளை கூச்சப்படுவது அந்த உருவத்தைப் பார்த்துத்தான்.

'உ' ஒலி வேண்டும் என்றால் ஓ-வும் யூ-வும் சேர்த்து எழுத வேண்டும், ஒவ்வொரு இடத்திலும். இந்தத் தீவின் முத்துசாமிகள் எல்லோரும் எம், ஓ, யூ என்று தொடங்குவது அதனால்தான்.

ழகரத்துக்கு இரண்டு பழைய வழி உண்டு, இரண்டும் நம் புதுச்சேரியிலேயே இருக்கின்றன. உழவர்கரையைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஊல்கரே' என்று எல் போட்டு எழுதினார்கள். கீழூருக்கு ஜே போட்டார்கள். காதுக்கு ஜே சற்று நெருக்கம்போலத் தோன்றும். ஆனால் ரெயூனியனில் அது வேலைக்காகாது. கிரியோலில் பிரெஞ்சு ஜே ஒலி இசட்டாக மாறும். சாப்பிடுவதற்கு 'மான்ஸே' என்கிறார்களே, அதே மாற்றம். ஜே போட்டால் சுற்றிவளைத்துப் பழைய இசட்டுக்கே வந்துவிடுவீர்கள். எனவே எல் போடுங்கள்: பி, ஓ, யூ, என், ஜி, ஓ, யூ, எல், ஏ, எல், ஐ. பதினோரு எழுத்து. யார் படித்தாலும் 'பூங்குலலி' என்று வரும். ஆம், ழகரம் போகிறது. எந்தப் பிரெஞ்சு எழுத்தும் அதைக் காக்காது. வீட்டில் நீங்கள் இருவரும் சரியாக அழைத்து அழைத்துத்தான் அதைக் காக்க வேண்டும்.

பெயரைச் சுருக்கி 'குழலி' என்று மட்டும் பதியலாமா என்று யோசித்தால், அங்கே கூடுதல் எச்சரிக்கை தேவை. கே-யும் தனி யூ-வும் சேர்ந்தால் பிரெஞ்சில் உடம்பின் பின்புறத்துக்கான கொச்சைச் சொல் ஒலிக்கும். பிள்ளைகள் இதை விடவே மாட்டார்கள். குமுதாவுக்கும் இதே ஆபத்து. புவனாவை பி, யூ என்று தொடங்கினால் 'நாறுகிறது' என்ற சொல் கேட்கும். ஓ-வைச் சேர்த்தால் இந்த ஒலிகள் வராது.

உறவில் வேறு பெயர்களும் பேச்சில் இருக்கலாம் என்பதால் சிலவற்றைச் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் இசட் ஒலி. இங்கே ராமசாமி இரண்டு எஸ்ஸோடு இருப்பது அதற்காக. சித்ராவை சி, எச் என்று எழுதினால் 'ஷித்ரா' ஆகும். எச் ஒலிக்காது, ஆகவே ஹரிணி 'அரிணி', ஹேமா 'ஏமா'. 'ஐ' என்று முடியும் கோதை, இசை போன்ற பெயர்களில் கடைசி ஏ-ஐ இரண்டும் சேர்ந்து 'ஏ' ஆகிவிடும். ஐ-யின் மேல் இரட்டைப் புள்ளி கேளுங்கள், அது பதிவேட்டில் அனுமதிக்கப்பட்ட குறிதான். நிலா, ஓவியா, அமலா, மீரா போன்றவை அதிகம் கெடாமல் வாயில் வரும். மீராவை மட்டும் ஒற்றை ஐ போட்டு எழுதுங்கள்.

லீனாவும் சிக்கல் இல்லாத பெயர் என்று நினைக்காதீர்கள். ஊர் வழக்கப்படி இரண்டு ஈ போட்டால் இங்கே 'லேனா' என்று படிப்பார்கள், அது இங்கே புழக்கத்தில் உள்ள வேறொரு பெயர். எல், ஐ, என், ஏ என்று நான்கு எழுத்தில் எழுதினால்தான் லீனா. பிரான்சில் பல ஆண்டுகளாகப் பரவலாக வைக்கும் பெயர் அது. ஒரே வகுப்பில் இன்னொரு லீனா இருக்க வாய்ப்பு அதிகம். அரபு வழிக் குடும்பங்களிலும் வைக்கிறார்கள், கிறித்தவக் குடும்பங்களிலும் வைக்கிறார்கள். நல்ல பெயர்தான். தமிழ்ப் பிள்ளை என்று அதைப் பார்த்து யாரும் அறிய முடியாது என்பது மட்டுமே குறை. இரண்டாம் இடத்தில் அது மிக நன்றாக உட்காரும்.

இரண்டாம் இடம் என்றால் வீண் இடம் அல்ல. பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, பிறப்புப் பதிவில் உள்ள எந்தப் பிரேனோமையும் வழக்குப் பெயராக, அதாவது அன்றாடம் அழைக்கும் பெயராக, பயன்படுத்தலாம் என்கிறது. நாளைக்குப் பிள்ளைக்கே லீனா பிடித்திருந்தால், பள்ளிச் சேர்க்கையின்போது வழக்குப் பெயர் லீனா என்று சொன்னால் போதும். சொல்லாவிட்டால் பட்டியலில் முதலில் உள்ள பெயரைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். தமிழ்ப் பெயரை முதலில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். இரண்டாம் இடத்தில் வைத்தால் அதை யாரும் தேடி எடுக்க மாட்டார்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பூங்குழலியின் ஊர் எழுத்துக்கூட்டையும் பதினோரு எழுத்துக் கூட்டையும் தாளில் எழுதி, வாயால் சொல்லாமல் மூன்று பேரிடம் நீட்டிப் படிக்கச் சொல்லுங்கள்: கிரியோல் பேசும் பக்கத்து வீட்டுக்காரர், பிரான்ஸிலிருந்து வந்த ஸொரேய் ஒருவர், உங்கள் மருத்துவச்சி. தங்கச்சியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அவர் காதால் கேட்டால்தான் பயம் தெளியும்.

அடுத்து மெரி வேலை. இதில்தான் புதிதாக வந்தவர்கள் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் அவகாசம் ஐந்தே நாள். பிறந்த நாள் கணக்கில் வராது. திங்களன்று பிறந்தால் செவ்வாய் முதல் எண்ண வேண்டும். ஐந்தாம் நாள் சனி என்பதால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும். தவறவிட்டால் நீதிமன்றத் தீர்ப்பு வாங்கித்தான் பதிய முடியும், அது மாதக்கணக்கில் இழுக்கலாம். நம் ஊரில் பதினோராம் நாளோ பதினாறாம் நாளோ புண்ணியாகவாசனம் முடித்துப் பெயர் வைப்போம். இங்கே அதற்குள் சட்டப் பெயர் எழுதி முடிந்திருக்கும். விழாவை உங்கள் நாளில் வையுங்கள், பெயரைப் பிரசவத்துக்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள். ஸ்கேனில் பெண் என்று இங்கே சொல்லிவிடுவதால் அதற்குத் தடையும் இல்லை.

பதிவு, குழந்தை பிறந்த ஊர் மெரியில். நீங்கள் குடியிருக்கும் ஊர் மெரியில் அல்ல. பெல்பியேர் மருத்துவமனையில் பிறந்தால் சேன்-தெனி, சேன்-பெனுவாவில் பிறந்தால் சேன்-பெனுவா. மருத்துவரோ மருத்துவச்சியோ தரும் பிறப்புச் சான்று, இருவரின் அடையாள ஆவணம், முகவரிச் சான்று ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். உங்கள் திருமணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறியிருந்தால் லிவ்ரே தெ ஃபாமிய் என்ற குடும்பப் பதிவுப் புத்தகம் கையில் இருக்கும், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குடும்பப் பெயரையும் முன்பே பேசிவிடுங்கள். தந்தை பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போடும் வழக்கம் இங்கே செல்லாது. நீங்கள் எதுவும் அறிவிக்காவிட்டால் தந்தையின் குடும்பப் பெயர், அதாவது உங்கள் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் இருப்பது, பிள்ளைக்குப் போகும். அங்கே உங்கள் அப்பா பெயர் இருந்தால் பிள்ளை தாத்தா பெயரைச் சுமக்கும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பிரசவத்துக்கு முன்பே மெரியில் போய்க் கேளுங்கள். தாய் பெயரையோ இருவர் பெயரையுமோ கொடுக்கவும் 2005 முதல் உரிமை உண்டு. அதற்கு இருவரும் கையெழுத்திட்ட கூட்டு அறிவிப்பு வேண்டும். முதல் பிள்ளைக்கு எடுக்கும் முடிவே அடுத்த பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

நட்சத்திர எழுத்து பார்ப்பதாக இருந்தால் நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். இந்திய நேரம் இங்கைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். இங்கே இரவு 11 மணிக்குப் பிறந்தால் இந்தியாவில் மறுநாள் அதிகாலை 12.30. ஊர்ப் பஞ்சாங்கத்தில் நட்சத்திரம் பார்க்க அந்த ஒன்றரை மணியைக் கூட்ட வேண்டும். லக்னத்துக்கு அப்படிச் செய்யக்கூடாது. அது இடத்தைப் பொறுத்தது, ரெயூனியன் தெற்கு அரைக்கோளத்தில் இருக்கிறது. ஜோதிடரிடம் உள்ளூர் நேரத்தையும் ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள். எழுத்து வேறாக வந்தால் அந்தப் பெயரை மூன்றாவது பிரேனோமாகச் சேர்க்கலாம், சட்டத்தில் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை.

பதிவைக் கணினியில் ஏற்றியதும் படித்துப் பார்க்கச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்துப் பாருங்கள். முக்கியமாக, பூங்குழலிக்கும் லீனாவுக்கும் நடுவே காற்புள்ளி இருக்க வேண்டும். கோடோ வெறும் இடைவெளியோ இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே கூட்டுப் பெயராகிவிடும், பிறகு லீனாவைத் தனியாக எடுக்க முடியாது. கையெழுத்திட்டபின் வரும் திருத்தத்துக்கு வேறு விண்ணப்பம், வேறு அலைச்சல். பெயரையே மாற்றவோ வரிசையை மாற்றவோ 2016 நவம்பர் முதல் மெரியிலேயே வழி உண்டு. ஆனால் நியாயமான காரணம் காட்ட வேண்டும், பிள்ளைக்குப் 13 வயது கடந்துவிட்டால் அவள் சம்மதமும் வேண்டும்.

பெயர் நீளம் பாஸ்போர்ட்டில் அடங்குமா என்று உங்கள் அண்ணன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அடங்கும். இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடம். பாலசுப்பிரமணியன் போல 15 எழுத்துக் குடும்பப் பெயர் வந்தாலும், நடுவில் வரும் குறிகளோடு சேர்த்து 33 இடத்தில் முடிந்துவிடும். தாய் பிரெஞ்சுக் குடியுரிமை என்பதால் பிள்ளை பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடிமகள். இந்தியாவுக்கு வந்துபோக ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டையைச் சேன்-தெனியில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கேட்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் ஊர் எழுத்துக்கூட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டில் உள்ள பதினோரு எழுத்து எப்படியோ அப்படியே எழுதுங்கள், ஒரு எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வரலாம்.