ஒனோமிச்சியில் முடித்துவிட்டு கன்சாய் விமான நிலையத்துக்கு சைக்கிளோடு போவது எப்படி?

ஜப்பானில் இமாபரியிலிருந்து ஷிமனாமி சைக்கிள் பாதை வழியாக ஒனோமிச்சி வந்து முடிக்கிறீர்கள், மறுநாள் இரவு கன்சாயில் விமானம், சைக்கிளையும் கூடாரத்தையும் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக ரயிலிலேயே போகலாம்.

சைக்கிளை அப்படியே ஏற்ற விடமாட்டார்கள். பிரித்து, 'ரிங்கோ' பைக்குள் (சைக்கிளை ரயிலில் எடுத்துப்போவதற்கான பை) முழுவதுமாக மூட வேண்டும். சீட்டோ ஹேண்டில்பாரோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 250 செ.மீ.க்குள், எடை 30 கிலோவுக்குள் இருக்கட்டும். கழற்றும் முன் செயினைப் பின்னால் உள்ள சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள், பின்சக்கரம் சுலபமாக வந்துவிடும். இரண்டு சக்கரங்களையும் பிரேமின் இருபுறமும் வைத்து மூன்று இடத்தில் வாரால் இறுக்குங்கள். இந்தக் கட்டு தளர்ந்தால் தூக்கி நடக்கவே முடியாது. இந்த வேலையை நிலைய வாசலை அடைக்காமல் ஓரமாகச் செய்யுங்கள்.

ஒனோமிச்சியிலிருந்து ஃபுகுயாமாவுக்கு உள்ளூர் ரயிலில் சுமார் 20 நிமிடம். அங்கிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஷின்-ஓசாகா, அப்புறம் ஹருகா விரைவு ரயில் நேராக விமான நிலையத்துக்கு. ஷின்கான்சென்னில் பெட்டியின் கடைசி வரிசையில், பின்னால் பெரிய லக்கேஜ் வைக்கும் இடத்தோடு வரும் இருக்கையை முன்பதிவு செய்துவிடுங்கள். காலை அலுவலக நேரம் வேண்டவே வேண்டாம்.

முகாம் அடுப்பின் கேஸ் குப்பி, மிச்சம் எவ்வளவு இருந்தாலும், விமானத்தில் ஏறாது. கடைசி முகாமிலேயே பொறுப்பாளரிடம் எங்கே போடுவது என்று கேளுங்கள். தயவுசெய்து கடை வாசல் குப்பைத்தொட்டியில் போட்டுவிடாதீர்கள், அது தீப்பிடிக்கும் பொருள்.