முக்திநாத் போக ஜோம்சோம் வரை சின்ன விமானம்: வயதான பெற்றோரை ஏற்றலாமா?

எழுபதைத் தாண்டிய அப்பா அம்மாவை நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் அழைத்துப் போக ஆசை, ஆனால் போக்ராவிலிருந்து ஜோம்சோம் போகும் சின்ன விமானத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஆனால் ஊர் திரும்பும் ரயிலுக்கு முன்னால் குறைந்தது இரண்டு நாளாவது வேலை எதுவும் இல்லாமல் கையில் இருக்க வேண்டும். அந்த இரண்டு நாள் இல்லையென்றால் விமானத்தில் ஏற்றாதீர்கள்.

எங்கள் ஊர் திருக்கண்ணபுரம் பக்கம். சோழநாட்டுத் திருப்பதிகள் நாற்பதையும் சேவித்து முடித்ததிலிருந்து அப்பாவுக்குச் சாளக்கிராமம், அதாவது இந்த முக்திநாத், போக வேண்டும் என்ற ஒரே நினைப்பு. ஒரு ஏப்ரல் மாதம், யாத்திரைக் குழு ஒன்றோடு மூன்று பேரும் கிளம்பினோம். கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து சுனௌலி எல்லை தாண்டி போக்ரா வரை பஸ்.

முதல் நாள் விடியற்காலை ஐந்தரைக்கே போக்ரா விமான நிலையத்தில் உட்கார்ந்துவிட்டோம். பத்து மணிக்கு ரத்து என்றார்கள். மறுநாள் கிளம்பியேவிட்டது. பத்துப் பன்னிரண்டு நிமிஷம் பறந்திருப்போம், விமானம் மெதுவாகச் சாய்ந்து திரும்பியது. முன்னால் பள்ளத்தாக்கை மேகம் அடைத்திருந்தது. போக்ராவில் இறங்கியதும் எங்கள் குழுவில் பெரிய சத்தம். வெள்ளிக்கிழமை கோரக்பூரில் ரயில், இன்றைக்கும் போகவில்லையென்றால் எப்படி என்று கவுன்டரில் நின்று சண்டை. குழுவை அழைத்து வந்தவரும் "இன்னொரு தடவை முயற்சி பண்ணச் சொல்லுங்க" என்று கவுன்டர்காரர்களையே நெருக்கினார். அப்போதுதான் அப்பா சொன்னார்: "பத்திரமா எறங்கிட்டோம்ல தம்பி. மேட்டூர ஜூன் பன்னெண்டுன்னு தேதி பாத்தா தொறக்குறாங்க? தண்ணி பாத்துத்தான தொறக்குறாங்க?" கடைமடையில் நாற்று விட்டுவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருந்தே ஆயுள் போன மனிதர். மூன்றாம் நாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இருபதே நிமிஷம், இறங்கிவிட்டோம்.

ஊருக்கு வந்த பிறகு இந்த வழித்தடத்தின் விபத்துகளைத் தேடித்தேடிப் படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும். 2016 பிப்ரவரியில் இதே போக்ரா–ஜோம்சோம் வழியில் 23 பேர் இறந்தார்கள். 2022 மே 29 அன்று 22 பேர். இரண்டு விமானமும் ஓடுபாதைக்கு வந்தே சேரவில்லை. கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டிய பயணத்தில் மேகத்துக்குள் நுழைந்து, வழி விலகி, மலையில் மோதியவை. 2022இல் மலை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி அடக்கிவைக்கப்பட்டிருந்தது என்று விசாரணை அறிக்கை சொன்னது. இதைப் படித்த பிறகுதான், அன்று எங்களைத் திருப்பிக்கொண்டு வந்த விமானி எங்களுக்கு எவ்வளவு பெரிய உபகாரம் செய்தார் என்பது உறைத்தது. காளி கண்டகி பள்ளத்தாக்கு ஒரு பக்கம் தவுளகிரி, மறுபக்கம் அன்னபூர்ணா என்று இரண்டு எட்டாயிரம் மீட்டர் மலைகளுக்கு நடுவில் போகிறது. குறுகலான இடத்துக்குள் போய்விட்டால் விமானத்தைத் திருப்ப இடம் இருக்காது. திரும்புவதென்றால் அதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 2013 டிசம்பரிலிருந்து நேபாள விமான நிறுவனங்கள் எதையும் ஐரோப்பிய ஒன்றியம் தன் வான்வெளிக்குள் விடவில்லை. தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

எல்லோரும் ஓடுபாதை சின்னது, ஓடுபாதை சின்னது என்றுதான் பயப்படுகிறார்கள். உண்மைதான், திருச்சி ஓடுபாதை ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர், ஜோம்சோமில் முக்கால் கிலோமீட்டர்கூட முழுசாக இல்லை. ஆனால் அங்கே போகும் ட்வின் ஆட்டர் மாதிரியான 19 பேர் விமானங்கள் குறைந்த தூரத்தில் ஏறி இறங்குவதற்கென்றே செய்தவை. உயரம்தான் கணக்கை மாற்றுகிறது. ஜோம்சோம் சுமார் 2,700 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி நம் நாகப்பட்டினக் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். இறக்கை அதே அளவு தாங்க வேண்டுமென்றால் விமானம் தரையை ஒட்டி ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதல் வேகத்தில் வந்தாக வேண்டும். வேகம் அவ்வளவு கூடினால் நிறுத்த வேண்டிய தூரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். வெயில் ஏற ஏறக் காற்று இன்னும் மெலியும், எஞ்சினின் இழுவையும் குறையும். அதனால்தான் மூட்டையை இத்தனை கறாராக எடை போடுகிறார்கள். அம்மா கட்டி எடுத்து வந்த அரிசியையும் மாவடு ஜாடியையும் போக்ரா ஓட்டலிலேயே வைத்துவிட்டுப் போனோம். நீங்களும் ஆளுக்கு ஒரு சின்னப் பையோடு போங்கள், எடை பார்ப்பவரிடம் கெஞ்சாதீர்கள்.

அப்புறம் காற்று. நம் ஆடிக்காற்றாவது வருஷத்துக்கு ஒரு மாதம். அங்கே தினமும் உண்டு. வெயில் ஏறியதும் வடக்கே முஸ்தாங் வறண்ட நிலம் சூடாகி, பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கிலிருந்து காற்றை இழுக்கிறது. பத்து, பதினொரு மணிக்கு மேல் ஆள் நிற்க முடியாது. ஆகவே விமானம் காலையில் மட்டும்தான். அன்றைய நாளின் முதல் விமானத்துக்கு டிக்கெட் கேளுங்கள். மழைக்காலத்தைத் தவிர்த்து மார்ச்–மே அல்லது அக்டோபர்–நவம்பரில் போங்கள்.

விமானத்தைவிட நான் அதிகம் பயந்தது அம்மாவின் உடம்புக்கு. போக்ரா 820 மீட்டர்தான். இருபது நிமிஷத்தில் 2,700. அன்றைக்கே ஜீப் பிடித்தால் முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. பல குழுக்கள் ஒரே நாளில் சேவித்துத் திரும்புகிறார்கள். பெரியவர்களுக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். ஜோம்சோமிலோ காக்பேனியிலோ ஒரு ராத்திரி தங்குங்கள். கிளம்புவதற்கு முன் இதயம், ரத்த அழுத்தம் பார்க்கும் டாக்டரிடம் உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள். உயரத்தால் வரும் உபாதைக்குக் கொடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும், மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். தலைவலியோடு வாந்தி வந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, சன்னதி கண்ணுக்குத் தெரிந்தாலும் உடனே கீழே இறக்கிவிடுங்கள். கோயிலில் உள்ள 108 தாரைகளிலும் பனித்தண்ணீர் கொட்டுகிறது. அம்மா தலையில் தெளித்துக்கொண்டதோடு சரி. பெருமாள் குறைவாக நினைக்கமாட்டார் என்று அப்பாதான் சமாதானம் சொன்னார்.

திரும்பும் நாள் ஜோம்சோமில் மேகம். குழுவில் பாதிப்பேர் விமானத்துக்குக் காத்திருந்தார்கள். நாங்கள் காத்திருக்கவில்லை. ஜீப் வைத்துக்கொண்டு பேனி வழியாகப் போக்ரா வந்தோம். பாதி வழி மண்ணும் பள்ளமும், முழுசாக ஒரு பகல் பிடித்தது, அம்மாவுக்கு இரண்டு நாள் இடுப்பு வலி. வெள்ளிக்கிழமை ரயில் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் கிடைத்தது.