ஆழத்தில் இறக்கிய விளக்கு

அன்புள்ள ஐயா,

டல்லாஸ் அருகே வசிக்கிறேன். நவம்பர் கடைசி வாரத்தில் 9 வயது மகனுடன் ஃபோர்க் ஏரியில் இரவில் கிராப்பி என்ற நன்னீர் மீன் பிடிக்கச் சென்றேன். பாலத்தூண் அருகே, நீருக்குள் எரியும் பச்சை எல்இடி விளக்கை 30 அடி ஆழம் வரை இறக்கினோம். நிறைய மீன்கள் கிடைத்தன. 10 அங்குலத்துக்குக் குறைந்தவற்றைச் சட்டப்படி கவனமாக விட்டுவிட்டோம். ஆனால் அவற்றில் பல வயிறு மேலாக மிதந்தன, மகன் அழுதுவிட்டான். வெள்ளை விளக்கு நல்லதா? எத்தனை லூமன் (ஒளியளவு) உள்ளதை வாங்கலாம்? இந்தியாவில் விளக்கு வைத்து மீன் பிடிக்கத் தடை இருக்கும்போது இங்கே இது முறையா?

க.

அன்புள்ள க.,

உங்கள் மகன் அழுதான் என்று படித்த பிறகு லூமன் கணக்கில் என் மனம் செல்லவில்லை. சில காலமாக நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை அந்தப் பிள்ளை கண்ணால் கண்டுவிட்டான்.

தடை பற்றிய குழப்பம் உங்களுக்கு வேண்டாம். 2017இல் இந்திய அரசு தடுத்தது, கடலில் பெரும் விளக்குகளை எரித்து மீன் கூட்டத்தையே வலையில் அள்ளும் தொழிலை. நாளொன்றுக்கு ஒருவருக்கு 25 கிராப்பி என்று வரம்புள்ள ஏரியில் தூண்டிலோடு அமர்ந்திருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். நிறத்துக்குப் பச்சையே போதும். சிவப்பை நீர் முதலில் விழுங்கிவிடும், கலங்கிய ஏரிநீரில் பச்சைதான் தொலைவு செல்லும்.

விளக்கை ஏன் 30 அடிக்கு இறக்கினீர்கள் என்பதுதான் என் கேள்வி. ஒளியைத் தேடி முதலில் வருபவை நீர்த்தெள்ளு போன்ற மிக நுண்ணிய உயிர்கள். அவற்றைத் தின்ன ஷேட் என்ற சிறு மீனின் குஞ்சுகள் கூடும். அந்தக் குஞ்சுகளைத் தின்னக் கிராப்பி வந்து வெளிச்சத்தின் விளிம்பில், பாதி இருட்டில் நிற்கும். விளக்கை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கட்டிவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால் இந்த வரிசை பெரும்பாலும் மேல்நீரிலேயே கூடிவிடும். தானாக ஏறி வரும் மீன் தன் உடல் தாங்கும் உயரத்துக்குத்தான் ஏறும். நீங்களோ காத்திருக்க மனமில்லாமல், மீன் கிடந்த ஆழத்துக்கே விளக்கையும் தூண்டிலையும் அனுப்பினீர்கள்.

மீன் நீரில் மிதக்க உதவுவது அதன் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை. கிராப்பியின் காற்றுப்பையிலிருந்து வெளியே திறக்கும் குழாய் கிடையாது. கெளுத்தியும் கெண்டையும் மேலே வரும்போது மிகுந்த காற்றைத் தொண்டை வழியாக வெளியேற்றிவிடும். கிராப்பி அதை இரத்தத்தின் வழியாகச் சிறுகச் சிறுகத்தான் குறைக்க முடியும், அதற்குப் பல மணி நேரம் ஆகும். ஏரியில் சுமார் 34 அடி ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல இரு மடங்கு. அங்கிருந்து ஒரே மூச்சில் சுருட்டி எடுத்த மீனுக்குள் அந்தப் பை ஏறக்குறைய இரு மடங்காக உப்புகிறது. கண் பிதுங்குகிறது, இரைப்பை வாய்ப்பக்கம் தள்ளப்படுகிறது. அந்த மீனை எவ்வளவு மென்மையாக நீரில் விட்டாலும் அதனால் கீழே இறங்க முடியாது. டெக்சாஸ் அரசு இதை அறிந்தே ஃபோர்க் ஏரிக்குத் தனி விதி வைத்திருக்கிறது: டிசம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதி வரை கிராப்பிக்குக் குறைந்தபட்ச நீள வரம்பு இல்லை, பிடித்தவற்றை விடவும் கூடாது. இன்னும் சில நாள் கழித்துச் சென்றிருந்தால், நீங்கள் கவனமாகச் செய்த அந்தக் காரியத்தையே சட்டம் குற்றம் என்றிருக்கும். முதல் மீன் மிதந்ததைப் பார்த்த பிறகும் இடத்தை மாற்றாமல் அங்கேயே தொடர்ந்து பிடித்தீர்களே, எனக்குக் கோபம் அதில்தான். காற்றுப்பையை ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், அதையும் தொடங்கிவிடாதீர்கள். இருட்டில், உள்ளங்கை அளவு மீனில், பழக்கமில்லாத கை குடலைத்தான் குத்தும்.

மெம்ஃபிஸில் வேலை பார்த்த காலத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னை மிசிசிப்பி மாநிலத்தின் ஈனிட் ஏரிக்கு அழைத்துச் செல்வார். 1957இல் 5 பவுண்டு 3 அவுன்ஸ் எடையில் வெள்ளைக் கிராப்பி பிடிபட்டு உலக சாதனையான இடம் அது. பெரியவரிடம் நீருக்குள் இறக்கும் விளக்கெல்லாம் கிடையாது. நம் பெட்ரோமாக்ஸ் வகையைச் சேர்ந்த லாந்தர் ஒன்றைப் படகோரத்தில் நீட்டிய கம்பியில் தொங்கவிடுவார். அதன் ஒளி அதிக ஆழம் இறங்காது. ஆகவே மீன் மேலேறி வரும்வரை காத்திருப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. வீட்டுக்கு வேண்டிய அளவு சேர்ந்ததும், மீன் நன்றாகக் கடித்துக்கொண்டிருக்கும்போதே லாந்தரை அணைத்துவிடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "திருப்பிப் போடப் போகிற மீனை எதற்கு எடுக்க வேண்டும்?" என்றார். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும் என்னும் பாயிலின் (Boyle) விதியை அவர் படித்தவர் அல்லர். எடுத்த மீன் மிதப்பதைப் பார்த்தவர்.

மகனிடம் நடந்ததை மறைக்காமல், காற்றுப்பையைப் படமாக வரைந்து விளக்குங்கள். 9 வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும். வசந்தத்தில், நீர் 60 பாரன்ஹீட்டைத் தாண்டும்போது, கிராப்பி முட்டையிடக் கரையோரத்து ஆழமற்ற நீருக்கு வரும். அப்போது பகலிலேயே அவனை அழைத்துச் செல்லுங்கள். சிறிய மீனை அவன் கையாலேயே விடட்டும். அது நீந்திப் போகும். அதன் வாய்த்தோல் மிக மெல்லியது, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும் என்பதை மட்டும் முன்பே சொல்லிவையுங்கள்.