அங்கே மழையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் நான்கு நண்பர்கள். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். இப்போது ஒருவர் கடலோர நகரம் ஒன்றில் இருக்கிறார், ஒருவர் மலையூரில். மூன்றாமவர் பூமத்திய ரேகைக்குத் தெற்கே எங்கோ போய்விட்டார். நான் மழை அரிதான உள்நாட்டுச் சமவெளியில் இருக்கிறேன். முன்பெல்லாம் அரசியல், படிப்பு, காதல் என்று விடிய விடியப் பேசியவர்கள், இன்று வாட்ஸப் குழுவில் வானிலையைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. "அங்கே மழையா?" என்று ஒருவர் கேட்கிறார், "32 டிகிரி" என்று இன்னொருவர் கைப்பேசியைப் பார்த்துச் சொல்கிறார். என் ஊரில் எந்நாளும் வெயில்தான் என்பதால் நான் பெரும்பாலும் "அதேதான்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்வேன். இதைப் பார்த்த என் மகள், "பேச ஒன்றும் இல்லாதவர்கள்தான் வானிலையைப் பேசுவார்கள்" என்று சிரித்தாள். போதாக்குறைக்கு, சென்ற மாதம் கடலோர நண்பரின் வீட்டுக்குள் மழைநீர் ஏறிய இரவில், அது தெரியாமல் மலையூர்க்காரர் "இங்கே நிலா அற்புதமாக இருக்கிறது" என்று படம் அனுப்பிவிட்டார். அதிலிருந்து அவர்கள் இருவருக்கும் பேச்சு இல்லை. எங்கள் நட்பு வற்றிவிட்டது என்பதற்கு இவையெல்லாம் அடையாளமா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் மகள் சொன்னதை அவருக்கு முன்பே அறிஞர்களும் சொல்லியிருக்கிறார்கள். மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923இல் எழுதிய ஒரு கட்டுரையில், செய்தி எதையும் தெரிவிப்பதற்காக அல்லாமல், மௌனத்தின் சங்கடத்தைப் போக்கி உறவை நிலைநிறுத்திக்கொள்வதற்காக மட்டுமே மனிதர்கள் பேசும் பேச்சு என்று ஒரு வகையைப் பிரித்துக் காட்டினார். வானிலைப் பேச்சு அந்த வகைக்கு அவர் தந்த உதாரணங்களில் ஒன்று. அதற்குப் பிறகு அந்தக் கருத்து எல்லா இடங்களிலும் பரவி, வானிலையைப் பேசுவது என்றாலே வெறும் வாய்மெல்லல் என்ற எண்ணம் படித்தவர்களிடம் ஊறிவிட்டது.

எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. பேருந்து நிறுத்தத்தில் முன்பின் அறியாத இருவர் நிற்கிறார்கள். "நல்ல மழை" என்கிறார் ஒருவர். "ஆமாம், விடுகிற மாதிரி தெரியவில்லை" என்கிறார் மற்றவர். இருவரும் நனைவது ஒரே மழையில்தான். ஒருவர் சொல்லி மற்றவர் தெரிந்துகொள்ள அதில் எதுவும் இல்லை. மலினோவ்ஸ்கி சொன்னது அங்கே முழுக்கப் பொருந்தும். ஆனால் நீங்கள் நால்வரும் நிற்பது நான்கு வானங்களின் கீழே. உங்கள் கடலோர நண்பர் "கிழக்கே கறுத்துக்கொண்டு வருகிறது" என்று எழுதும்போது, அவருடைய கண் மட்டுமே அறிந்த ஒன்றை, நீங்கள் எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் காண முடியாத ஒன்றை, உங்களுக்குத் தருகிறார். உலக அரசியலை நால்வரும் ஒரே செய்தித்தாளில் படித்துவிட்டுத்தான் விவாதித்தீர்கள். வானிலையில் ஒவ்வொருவரும் நேரடிச் சாட்சி.

இந்தச் சாட்சியங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததில்தான் வானிலை இயலின் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று பிறந்தது. 1743ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஏறத்தாழ 9 மணிக்கு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைப் பார்ப்பதற்காக அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியா நகரத்தில் காத்திருந்தார். ஆனால் 7 மணிவாக்கில் வடகிழக்குக் காற்றோடு புயல் வந்து வானத்தை மூடிவிட்டது. சில நாட்கள் கழித்து பாஸ்டன் நகரத்துச் செய்தித்தாள் கைக்கு வந்தபோது அவருக்கு ஒரே வியப்பு. அதே புயல் பாஸ்டனையும் தாக்கியிருந்தது. ஆயினும் அங்கிருந்தவர்கள் கிரகணத்தை நன்றாகப் பார்த்திருந்தார்கள். பாஸ்டனோ பிலடெல்பியாவுக்கு வடகிழக்கே 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது என்றால் புயல் முதலில் பாஸ்டனைத் தாக்கிவிட்டு அல்லவா பிலடெல்பியாவுக்கு வந்திருக்க வேண்டும்? பாஸ்டனில் இருந்த தன் சகோதரருக்கு அவர் கடிதம் எழுதிக் கேட்டார். அங்கே புயல் தொடங்கியபோது இரவு 11 மணி ஆகப்போகிறது என்று பதில் வந்தது.

"அங்கே மழை எப்போது பிடித்தது?" என்பதற்கு மேல் அந்தக் கடிதப் பரிமாற்றத்தில் ஒன்றுமில்லை. உங்கள் குழுவில் தினமும் நடப்பதுதான். ஆனால் இரண்டு ஊர்களின் நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது பிராங்க்ளினுக்குப் புலப்பட்டது இது: காற்று வீசும் திசை வேறு, புயல் நகரும் திசை வேறு. காற்று வடகிழக்கிலிருந்து வீசிக்கொண்டிருக்க, புயல் தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. காற்று ஒரு தாழ்வழுத்த மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது, அந்தச் சுழற்சி மொத்தமாக இடம்பெயர்கிறது என்ற விளக்கம் பின்னால் வந்தது. ஒரே ஊரில் எத்தனை ஆண்டு உட்கார்ந்து வானத்தைப் பார்த்தாலும் ஒரு தனிமனிதருக்கு இது தெரிய வந்திருக்காது. வேறோர் ஊரில் இருந்து பதில் எழுத ஒருவர் வேண்டியிருந்தது.

ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1849இல், வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் என்ற அறிவியல் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜோசப் ஹென்றி இதையே பெரிய அளவில் செய்யத் தொடங்கினார். வெவ்வேறு நகரங்களின் தந்தி நிலையங்களிலிருந்து வானம் எப்படி இருக்கிறது என்ற செய்தியை வரவழைத்தார். 1856 முதல் அந்த நிறுவனத்தின் மண்டபத்தில் பெரிய வரைபடம் ஒன்று தொங்கியது. எந்த ஊரில் மழை, எந்த ஊரில் தெளிவு என்று அதில் நிற அட்டைகளை நாள்தோறும் மாற்றி மாட்டினார்கள். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள்: 'வானிலை அறிக்கை போல இருக்கிறது' என்று உங்களைப் பார்த்து யாராவது கேலி செய்தால், அந்த அறிக்கைதான் உங்களைப் போன்றவர்களின் பேச்சிலிருந்து பிறந்தது.

ஆனால், ர., உங்கள் குழுவில் ஒரு குறை இருக்கவே செய்கிறது. அது வானிலையைப் பேசுவதில் இல்லை, பேசும் விதத்தில் இருக்கிறது. "32 டிகிரி" என்று உங்கள் நண்பர் கைப்பேசியைப் பார்த்துச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த எண் அவருடையது அன்று. தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், நேர்வெயில் படாமல் காற்று மட்டும் புகுந்து போகும்படி செய்யப்பட்ட வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியின் அளவு அது. அந்தப் பெட்டியும் பெரும்பாலும் ஊருக்கு வெளியே விமான நிலையத்திலோ, வேறு திறந்த வெளியிலோ இருக்கும். பல வேளைகளில் அதுகூட இல்லை, கணினி கணித்துச் சொன்ன எண்ணாக இருக்கும். அந்த எண்ணை நீங்களே உங்கள் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாமே, அதற்கு நண்பர் எதற்கு?

அந்த எண் முழு உண்மையைச் சொல்வதும் இல்லை. உங்கள் ஊரிலும் கடலோர நண்பரின் ஊரிலும் ஒரே நாளில் 34 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர்க் காற்றின் ஈரப்பதம் 23 விழுக்காடு, அவர் ஊரில் 63 விழுக்காடு. உங்களுக்கு வியர்வை வந்த சுவடு தெரியாமல் உலர்ந்து உடல் குளிரும். உதடு வெடிக்கும், துவைத்த துணி அரைமணியில் முறுகலாகக் காய்ந்துவிடும். அவருக்கு வியர்வை உலர வழியில்லாமல் கழுத்தில் வழிந்துகொண்டே இருக்கும். துணி மாலைவரை ஈரமாகத் தொங்கும். ஒன்று வறட்சி, மற்றொன்று புழுக்கம். 'புழுக்கம்' என்ற சொல்லுக்குள் வெப்பம், ஈரம், காற்றின்மை ஆகிய மூன்றும் அடங்கியிருக்கின்றன. கைப்பேசி இவற்றை மூன்று தனித்தனி எண்களாகக் கொடுக்கிறது. தூறல், சாரல், அடைமழை, மப்பும் மந்தாரமும் என்றெல்லாம் நம்மிடம் இத்தனை சொற்கள் இருக்கையில், '32' என்று எழுதும் சிக்கனம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று காற்றுக்கு அது புறப்படும் திசையை வைத்துப் பெயரிட்ட மொழி இது. இன்றைய வானிலையாளர்களும் காற்றை அப்படித்தான் குறிக்கிறார்கள்.

நீங்கள் எழுதும் "அதேதான்" எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. மாறாத வானம் என்று ஒன்று கிடையாது. உங்கள் ஊரைப் போன்ற வறண்ட சமவெளியில் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு கடற்கரையில் இருப்பதைவிட மிகப் பெரிது. கடலோரத்தில் தண்ணீர் வெப்பத்தைப் பிடித்துவைத்து மெல்ல விடுகிறது; உங்களிடம் மேகமும் ஈரமும் இல்லாததால் பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவில் வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. நாளின் கடுங்குளிர் நள்ளிரவில் அன்று, சூரியன் எழும் தறுவாயில்தான் வரும் என்பதையும், கடும் வெப்பம் உச்சிப்பொழுதில் வராமல் இரண்டு மூன்று மணி நேரம் பிந்தி வரும் என்பதையும் உங்கள் ஊரில் உணர்வதுபோல் வேறெங்கும் தெளிவாக உணர முடியாது. ஒருநாள் விடியலுக்கு முன் எழுந்து வாசற்படியில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். அதை எழுதினால் நண்பர்கள் கட்டாயம் பதில் எழுதுவார்கள்.

மலையூர்க்காரருக்கும் இப்படி ஒன்று இருக்கிறது. அவர் 'மூடுபனி' என்று சொல்வதை அடிவாரத்தில் இருப்பவர் 'மேகம்' என்பார். இரண்டும் ஒன்றுதான், தரையைத் தொட்டால் மூடுபனி, தொடாவிட்டால் மேகம். தெற்கே போனவரிடம் பிறையைப் பற்றிக் கேளுங்கள். நம் பக்கம் பார்ப்பதற்குத் தலைகீழாக அவருக்குத் தெரியும். அவர் பக்கத்துப் புயல்களும் நம் பக்கத்துப் புயல்களுக்கு எதிர்த் திசையில் சுழல்கின்றன.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பெருநகரத்தின் இரு கோடிகளில் நானும் நண்பர் ஒருவரும் குடியிருந்த காலத்தில், ஓர் இரவு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தோம். அவர் திடீரென்று "மின்னல்" என்றார். நானும் அந்த வெளிச்சத்தைப் பார்த்திருந்தேன். இருவரும் வாய்விட்டு எண்ணத் தொடங்கினோம். அவர் 9 என்றபோது அவர் வீட்டு ஜன்னல் அதிர்ந்த ஓசை தொலைபேசி வழியே எனக்குக் கேட்டது. என் ஜன்னலுக்கு அதே இடி வந்து சேர்ந்தபோது நான் 24இல் இருந்தேன். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 நொடி எடுத்துக்கொள்கிறது. ஆகவே மின்னல் விழுந்த இடம் அவருக்கு 3 கிலோமீட்டர் தொலைவில், எனக்கு 8 கிலோமீட்டர் தொலைவில். ஒரே இடியை இரண்டு முறை கேட்ட இரவு அது. மின்னல் நேரத்தில் கம்பிவழித் தொலைபேசியைக் கையில் எடுக்கக்கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். அந்த நண்பரோடு அரசியலும் இலக்கியமும் எவ்வளவோ பேசியிருக்கிறேன். ஒரு வாக்கியம்கூட இப்போது நினைவில்லை. அந்த 9ஐயும் 24ஐயும் மறக்கவில்லை.

இனி அந்த நிலா விவகாரம். உங்கள் மலையூர் நண்பர் மேல் பிழை இல்லை, அவருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது இன்னொருவரின் தெளிந்த வானம் கண்ணில் பட்டால் கோபம் வரத்தான் செய்யும். கடுமழை, புயல் எச்சரிக்கை உள்ள ஊரில் குழுவினர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால், மற்ற மூவரும் தங்கள் வானத்தைப் பற்றிப் பேசுவதை அன்றைக்கு நிறுத்திவைப்பது நல்லது. அப்போது அழைத்துப் பேசுவதைவிடக் குறுஞ்செய்தி மேல்: கைப்பேசியின் மின்னூட்டம் மிஞ்சும், அலைவரிசை நெரிசலிலும் அது எப்படியாவது போய்ச் சேரும். "பத்திரமா?" என்ற ஒற்றைச் சொல் போதும்.

இப்போது அந்த மௌனத்தை உடைக்க வேண்டியவர் நீங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் நீங்கள் யாருடனும் சண்டையில் இல்லை. கடலோர நண்பரிடம் சமாதானம் எதுவும் பேச வேண்டாம். தண்ணீர் எத்தனையாவது படிவரை ஏறியது, எத்தனை மணிக்கு இறங்கத் தொடங்கியது, சுவரில் கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இவை அங்குல சுத்தமாக நினைவிருக்கும். கேட்பவர் இல்லாததால்தான் சொல்லாமல் இருப்பார்கள். அவர் குழுவிலேயே அதை எழுதட்டும், மலையூர்க்காரரும் படிக்கட்டும். அவர் எழுதி முடித்த பிறகு உங்கள் ஊரைப் பற்றி யாராவது கேட்டால், தயவுசெய்து "அதேதான்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்