ஓங்கரித்தால் பயமில்லை, சத்தம் நின்றால்தான் பயம்

கேள்வி: என் மகளுக்கு ஏழு மாதம். மனைவி வேலைக்குத் திரும்பிவிட்டார். எனக்கு செகண்ட் ஷிப்ட் என்பதால் மதியம் வரை நான்தான் ஊட்டுகிறேன். ஸ்பூனை வாயில் வைத்தாலே ஓங்கரிக்கிறாள், முகம் சிவந்துவிடுகிறது. மனைவி ஊட்டினால் இப்படி இல்லை. குழந்தைக்கு மூச்சடைத்த ஒரு வீடியோவைப் பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும் மிக்ஸியில் நீர்க்க அரைத்துப் பாட்டிலில் தருகிறேன். மெடிக்கல் ஷாப்பில் பசிக்கு சிரப்பும் வாங்கினேன். அடிக்கடி விக்கல், மலம் சில நாள் பச்சையாகப் போகிறது, எடை 7.4 கிலோ. ஆண்பிள்ளை ஊட்டினால் ஒட்டாது என்கிறார் அம்மா.
(ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: ஓங்கரிக்கிற குழந்தைக்கு மூச்சு அடைக்கவில்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தில் எத்தனை கேள்வி இருந்தாலும் உங்கள் பயம் ஒன்றுதான்: தனியாக இருக்கும்போது என் கையில் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது.

பெரியவர்களுக்குத் தொண்டைப் பக்கம் தொட்டால்தான் ஓங்கரிப்பு வரும். இந்த வயதில் நாக்கின் நடுவில் பட்டாலே வந்துவிடும். தெரியாத எதையும் உள்ளே விடாமல் வெளியே தள்ளும் காவல் அது. சத்தம் வரும், கண்ணில் நீர் வரும், உணவு முன்னால் வந்து விழும், அடுத்த நிமிடம் மறுபடி வாயைத் திறப்பாள். புரையேறி இருமினாலும் அப்படித்தான். இருமுகிற வரை காற்று போய்வருகிறது என்று அர்த்தம், இருமவிடுங்கள். உச்சந்தலையில் தட்ட வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரலை விட்டுத் துழாவவும் வேண்டாம். துழாவும் விரல் அடைப்பை இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

பயப்பட வேண்டியது சத்தம் நின்றுபோன குழந்தைக்கு. வாய் திறந்திருக்கும், அழுகை வராது, இருமல் வராது, உதடு நீலமாகும். அப்போது யோசிக்காதீர்கள். முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தாடையைத் தாங்கிப் பிடித்து, தலை நெஞ்சைவிடத் தாழ இருக்கும்படி சாயுங்கள். இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில், உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வரவில்லையா? மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவில், காம்புகளுக்குச் சற்றுக் கீழே, ஐந்து முறை அழுத்துங்கள். பொருள் வெளியே வரும்வரை, அல்லது குழந்தை அழும்வரை இதையே மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கூட இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். யாரும் இல்லையென்றால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கைவேலையைத் தொடருங்கள். வயிற்றை அழுத்துவதெல்லாம் ஒரு வயதைத் தாண்டியவர்களுக்கு. ஒரு வயதுக்குள் அதைச் செய்தால் கல்லீரலில் அடிபடலாம். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் கூடாது. குழந்தை துவண்டுபோனால் நெஞ்சழுத்தமும் மூச்சூட்டலும் தேவை. அதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது. இந்த வாரமே உங்கள் குழந்தை மருத்துவரிடம் போய், பொம்மையில் செய்துகாட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். பயத்துக்கு அதுதான் மருந்து, இன்னொரு வீடியோ அல்ல.

விக்கல், பச்சை மலம்: விடுங்கள். ஏழு மாதப் பெண் குழந்தைக்கு 7.4 கிலோ நல்ல எடை. அப்புறம் எதற்குப் பசி சிரப்? அப்படி விற்கும் பல சிரப்புகளில் இருப்பது சைப்ரோஹெப்டடின் என்ற அலர்ஜி மருந்து. அது தூங்க வைக்கும். இரண்டு வயதுக்குள் அதைத் தரவே கூடாது. இன்றே நிறுத்துங்கள். கிராம சுகாதார செவிலியர் தரும் இரும்புச்சத்து சிரப் வேறு. ஆறு மாதத்துக்கு மேல் வாரம் இருமுறை 1 மில்லி என்பது அரசின் திட்டம், அதைக் கேட்டு வாங்குங்கள்.

பாட்டிலையும் ஓரம் கட்டுங்கள். நீர்க்கக் கரைத்ததில் வயிறு ரொம்பும், சத்து சேராது. மெல்லவும் பழக மாட்டாள். குழைந்த சோறும் பாசிப்பருப்பும் நெய்யும், மசித்த கீரை, முட்டை, வேகவைத்து மசித்த ஈரல். உப்பும் சர்க்கரையும் வேண்டாம், தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. கையால் மசியுங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம் வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை போதும். இடையில் மனைவி எடுத்துவைத்த தாய்ப்பாலைப் பாலாடையில் கொடுங்கள். அதை ஃபிரிட்ஜில் வையுங்கள், நம் ஊர் வெயிலில் வெளியே வைக்காதீர்கள்.

மனைவி ஊட்டினால் ஓங்கரிக்காததற்குக் காரணம் அவர் பெண் என்பதல்ல. என்னிடம் வரும் அப்பாக்களை அங்கேயே வாழைப்பழம் மசித்து ஊட்டச் சொல்வேன். பயத்தில் வேகமாக முடித்துவிட நினைத்து, ஸ்பூனை நாக்கின் பாதிவரை கொண்டுபோய்க் கவிழ்ப்பார்கள். 'உதட்டில் வைத்துவிட்டுக் காத்திருங்கள்' என்பேன். போன மாதம் ஒருவர் அப்படிக் காத்திருந்தபோது அவர் வாய் தானாக 'ஆ' என்று திறந்தது. மடியில் இருந்த பையனும் திறந்தான், மேலுதட்டால் வழித்துச் சாப்பிட்டான். நிமிர்த்தி உட்கார வைத்து, அரை ஸ்பூன், அவள் கேட்டால் அடுத்தது. முகத்தைத் திருப்பினால் அந்த வேளை முடிந்தது, செல்போனைக் காட்டித் திணிக்க வேண்டாம்.

அம்மாவிடம் சண்டை வேண்டாம். மனைவிக்குச் சட்டப்படி 26 வாரம் விடுப்பு, தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்குச் சட்டம் ஒரு நாளும் தருவதில்லை. அப்பா ஊட்டிப் பார்த்த வீடு அவருக்கு எப்படித் தெரியும்? ஷிப்டுக்குக் கிளம்பும் முன் என்ன சாப்பிட்டாள் என்று தினமும் சொல்லிவிட்டுப் போங்கள். கூடவே ஒன்று சொல்லுங்கள்: வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, சப்போட்டா விதை எதுவும் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. எப்போதாவது அப்படி ஒன்று வாயில் போய், திடீரென்று இருமி, பிறகு சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கடலைத் துண்டு மூச்சுக்குழாயில் போய் உட்கார்ந்தால் நாள்கணக்கில் இருமலும் இழுப்புமாக இருக்கும். சளி என்று நினைத்து இருமல் சிரப் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.